அவ்வை சண்முகியும் மோசேயின் தாயும்

பெரியவர்கள் வெளியே சென்றுவிட்ட வீட்டில், பிள்ளைகளும் அவர்களைப் பார்த்துக்கொள்ள வந்தவரும் ஓர் இரவு முழுவதும் படுகின்ற பாட்டைச் சிரிக்கச் சிரிக்கக் காட்டும் திரைப்படங்கள் மேல்நாட்டில் ஏராளம். அடுப்பில் பால் பொங்கும். கூடத்தில் பூச்சாடி உடையும். ஒரு பிள்ளை அலமாரிக்குள் ஒளியும். இன்னொரு பிள்ளை தெருவில் ஓடும். விடிவதற்குள் வீடே தலைகீழாகி, பெற்றோரின் கார் வாசலில் வந்து நிற்கும் நொடியில் எல்லாம் எப்படியோ ஒழுங்காகிவிடும். பார்ப்பவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பின் அடியில் ஒரு நடுக்கமும் இருக்கிறது என்பதைப் பிள்ளை பெற்றவர்கள் அறிவார்கள்.

கிறிஸ் கொலம்பஸ் என்னும் அமெரிக்கர் 1987-இல் முதன்முதலாக இயக்கிய படமே இந்த வகையைச் சேர்ந்ததுதான். ‘அட்வெஞ்சர்ஸ் இன் பேபிசிட்டிங்’ என்று பெயர். ஓர் இளம்பெண், அவள் பொறுப்பில் விடப்பட்ட பிள்ளைகள், சிகாகோ நகரத்தின் ஓர் இரவு, அவ்வளவுதான் கதை. 1990-இல் அவரே ‘ஹோம் அலோன்’ எடுத்தார். கிறிஸ்மஸ் பயண அவசரத்தில் எட்டு வயது மகனை வீட்டிலேயே மறந்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறது ஒரு பெரிய குடும்பம். 1993-இல் ‘மிசஸ் டவுட்ஃபயர்’. ஆன் ஃபைன் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1987-இல் எழுதிய நாவலிலிருந்து பிறந்த படம் அது. மணமுறிவுக்குப் பின் தன் மூன்று பிள்ளைகளோடு இருக்க முடியாமல் தவிக்கும் தகப்பன் ஒருவன், கிழவி வேடமிட்டுத் தன் மனைவி வீட்டுக்கே ஆயா வேலைக்கு வந்து சேருகிறான். இந்த ஒரு மனிதரை மூன்று படங்களிலும் ஒரே கேள்வி துரத்தியிருக்கிறது: பெற்றோர் இல்லாத வேளையில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?

மரியாவையும் சூசையையும்கூட இந்தக் கேள்வி விடவில்லை. திருவிழா முடிந்து எருசலேமிலிருந்து திரும்புகையில், பயணிகள் கூட்டத்தில் எங்காவது இருப்பான் என்று எண்ணி ஒரு நாள் பயணத் தூரம் நடந்துவிட்டார்கள். பன்னிரண்டு வயது மகன் கிடைத்தது மூன்று நாளுக்குப் பின். லூக்கா நற்செய்தியின் அந்தப் பகுதியை நாம் மறையுரைகளில் மிகவும் பயபக்தியோடு கேட்டுப் பழகிவிட்டோம். பங்கில் ஒரு தாய் அதைக் கேட்டுவிட்டு, “நம்ம வீட்டுல இப்படி ஆயிருந்தா ஊரே கூடி ஏசியிருக்கும் சாமி” என்றார். உண்மைதான்.

முதல் இரண்டு படங்கள் நம் ஊருக்கு ஒட்டாதவை. மணிக்கணக்கில் கூலி பேசி அண்டை வீட்டுப் பெண்ணை இரவுக் காவலுக்கு வைக்கும் வழக்கம் தாமிரபரணிக் கரையில் என்றும் இருந்ததில்லை. இங்கே ஆச்சி இருக்கிறாள், அத்தை இருக்கிறாள், எதிர்வீட்டுச் சித்தி இருக்கிறாள். யாரும் இல்லாவிட்டால் பத்து வயது அக்காள் இருக்கிறாள். மூன்றாவது படந்தான் தமிழுக்கு வந்தது. 1996 தீபாவளிக்கு வெளியான ‘அவ்வை சண்முகி’ அது. இயக்கியவர் கே. எஸ். ரவிக்குமார், வசனம் கிரேசி மோகன். அப்போது நான் குருமாணவன். படத்தைப் பார்த்தது பல ஆண்டுகள் கழித்துத் தொலைக்காட்சியில்.

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். நடன உதவியாளனாகிய பாண்டியனும் செல்வந்தர் விசுவநாத ஐயரின் மகள் ஜானகியும் காதலித்து மணந்தவர்கள். மணம் முறிந்து நீதிமன்றம் செல்கிறது. மகள் பாரதி தாயோடு போய்விடுகிறாள். மகளைப் பார்க்க வேறு வழியில்லாத பாண்டியன், மடிசார் கட்டிய மாமியாக, அவ்வை சண்முகி என்ற பெயரில் அந்த வீட்டில் நுழைகிறான். அதன் பின் ஒரே அமளி. வீட்டுக்குச் சொந்தக்காரரான முதலியார் மாமியின் மேல் காதல் கொள்கிறார். போதாக்குறைக்கு மாமனாரே மாமியை மணக்க ஆசைப்படுகிறார். கமல்ஹாசன், ஜெமினி கணேசன், மீனா, நாகேஷ், மணிவண்ணன், நாசர், டெல்லி கணேஷ் என்று தேர்ந்த நடிகர் கூட்டம். அவர்களில் ஜெமினி 2005-லும், நாகேஷ் 2009-லும், மணிவண்ணன் 2013-லும் மறைந்தார்கள். நம் நெல்லைச் சீமையின் மகனான டெல்லி கணேஷ் 2024 நவம்பரில் மறைந்தார். வசனம் எழுதிய கிரேசி மோகன் 2019-இல் போய்விட்டார். சிரிக்க வைத்தவர்களுக்காகவும் ஒரு செபம் சொல்லலாம். அதற்கு யாரும் தடை விதிக்கவில்லை.

இந்தப் படத்தைத்தான் சென்ற கோடையில் எங்கள் பங்குக் குடும்ப விழா இரவில், ஆலய மைதானத்தில் திரை கட்டிக் காட்டுவது என்று இளைஞர் மன்றத்தார் முடிவு செய்தார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், பல்லாண்டு மறைக்கல்வி கற்பித்தவர், மறுநாட்காலையிலேயே விவிலியத்தோடு வந்துவிட்டார். இணைச்சட்டம் 22-ஆம் அதிகாரம், ஐந்தாம் வசனத்தில் விரலை வைத்திருந்தார். ஆண் பெண்ணுடையை அணியலாகாது என்னும் சட்டம் அது.

“சாமி, கோயில் மைதானத்துல இதைப் போடலாமா?”

அவர் கேட்டதில் தவறில்லை. எதையும் யோசியாமல் ஆமென் சொல்லும் பங்கைவிட, வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சண்டைக்கு வரும் பங்கு மேலானது. ஆனால் அவருடைய இளமையில் எங்கள் ஊர்த் திருவிழாவில் ஞானசௌந்தரி நாடகம் நடந்ததையும், அதில் ஞானசௌந்தரியாக வந்தவர் முகத்தில் முந்திய நாள்வரை மீசை இருந்ததையும் நினைவூட்டினேன். நம் கத்தோலிக்கச் சிற்றூர்களில் அந்த நாடகம் ஆடாத இடம் எது? கைகளை இழந்து காட்டில் அலையும் அந்தப் பெண்ணுக்காக அழுத தாய்மார், அவள் யாருடைய மகன் என்று நன்றாகத் தெரிந்துகொண்டேதான் அழுதார்கள். 1948-இல் அக்கதை இரண்டு படக்கம்பெனிகளால் தனித்தனியே படமாக்கப்படும் அளவுக்குத் தமிழகம் முழுவதும் பரவியிருந்தது. ‘அவ்வை சண்முகி’ என்ற பெயரே அத்தகைய ஒரு மேடைக்குச் செலுத்திய வணக்கம்தான். நாடகத்தில் ஔவையார் வேடம் புனைந்து புகழ்பெற்றதனால் ‘அவ்வை’ என்ற அடைமொழியே பெற்றவர் டி. கே. சண்முகம். 1973-இல் மறைந்த அந்தப் பெருமகனாரின் நாடகக் குழுவில் சிறுவனாகப் பயின்றவர் கமல்ஹாசன்.

திருச்சபையும் திரைப்படத்தைக் கண்டு கதவைச் சாத்திக்கொண்டதில்லை. 1936-இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் திரைப்படங்களைக் குறித்தே ஒரு சுற்றுமடல் எழுதினார். தீயவற்றைக் கடுமையாகக் கண்டித்த அதே மடலில், உழைத்துக் களைத்த மனிதனுக்குப் பொழுதுபோக்குத் தேவை என்பதையும் ஏற்றுக்கொண்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் சமூகத் தொடர்பு பற்றி ஓர் ஆணைமடலே வெளியிட்டது. திரைக்கலை நூறாண்டு கண்ட 1995-இல் வத்திக்கான் சிறந்த படங்கள் 45-ஐப் பட்டியலிட்டபோது, சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’ அதில் இடம்பெற்றது. ‘அவ்வை சண்முகி’யை அந்த வரிசையில் சேர்க்கச் சொல்லி நான் உரோமைக்கு எழுதப் போவதில்லை. படத்தில் பிள்ளைகளோடு அமர்ந்து கேட்கக் கூசும் இரட்டை அர்த்தப் பேச்சுகள் சில உண்டு. இன்னொரு சிறு மனக்குறையும் எனக்கு உண்டு. தமிழ்ப்படத்தில் ஒருவனுக்கு ஜோசப் என்று பெயர் வைத்துவிட்டால் அவன் கையில் புட்டியையும் கொடுத்துவிடுகிறார்கள். நாகேஷ் ஏற்ற ஒப்பனைக்காரர் பாத்திரத்துக்கும் அதே கதிதான். ஆனால் ஊமைச் சமையல்காரராக வேடமிட்டு அந்த ஆசாரமான வீட்டில் உலவும் பாஷாவாக நாசர் வரும் காட்சிகளில், அடுப்படிக்குள் நுழையவும் சாதி கேட்கும் நம் வழக்கம் எவ்வளவு நகைப்புக்குரியது என்று படம் காட்டிவிடுகிறது. மறையுரையில் அதைச் சொன்னால் முகஞ்சுளிப்பவர்கள், திரையில் பார்த்துச் சிரித்தார்கள்.

ஆசிரியர் முழுவதும் சமாதானம் அடையவில்லை. “வேஷம் போட்டு ஏமாத்துதது பாவந்தான சாமி?” என்றார்.

இது இணைச்சட்ட வசனத்தைவிடக் கனமான கேள்வி. விவிலியத்தில் வேடமிட்டு ஏமாற்றியவர் என்றால் முதலில் யாக்கோபு நினைவுக்கு வருகிறார். அண்ணனின் உடையை அணிந்து, கையில் ஆட்டுத்தோலைச் சுற்றி, பார்வை மங்கிய தகப்பனிடம் ஆசி பெற்றார். குரலைக் கேட்டு ஐயுற்ற ஈசாக்கு கையைத் தடவிப் பார்த்து ஏமாந்தார். அந்த ஆசிக்கு யாக்கோபு கொடுத்த விலை, இருபது ஆண்டுகள் அயலூரில் மாமன் வீட்டில் உழைத்ததும், அங்கே தாமும் ஏமாற்றப்பட்டதும்.

ஆனால் விவிலியத்தில் வேறொரு மறைப்பும் உண்டு. அன்று ஆசிரியரோடு பேசிக்கொண்டிருக்கையில்தான் அது எனக்குப் புதிதாகத் தெரிந்தது. விடுதலைப்பயணம், இரண்டாம் அதிகாரம். எபிரேய ஆண் குழந்தைகளைக் கொல்ல ஆணை பிறந்த காலம். தாய் தன் மகனைப் பேழையில் வைத்து நைல் கரை நாணலுக்குள் விடுகிறாள். அக்காள் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். விவிலியம் நமக்குக் காட்டும் முதல் பிள்ளைக்காவல் அச்சிறுமிதான். பார்வோனின் மகள் குழந்தையைக் கண்டெடுத்ததும் அவள் ஓடிவந்து, பால்கொடுக்க ஓர் எபிரேயப் பெண்ணை அழைத்து வரட்டுமா என்று கேட்கிறாள், அழைத்து வருகிறாள். வந்தவள் பெற்ற தாய். இளவரசி அவளுக்குக் கூலி பேசுகிறாள். தன் மகனுக்குத் தானே செவிலியாக, கூலிக்காரியாக, அவன் தாய் அவனை வளர்க்கிறாள். உதட்டில் ஒரு சொல் இல்லை. வேடமும் ஒப்பனையும் இல்லாத வேடம் அது. இரண்டாயிரம் ஆண்டுகளாக ஆலயங்களில் வாசிக்கப்படும் இப்பகுதியில், ஏமாற்றியதற்காக அந்தத் தாயைக் கடிந்து ஒரு சொல்லும் இல்லை. பிள்ளை வளர்ந்ததும் அவனைத் திரும்பக் கொண்டுபோய் இளவரசியிடம் ஒப்படைத்தாள் என்று மட்டும் சொல்கிறது.

யாக்கோபு வேடமிட்டது தமக்குக் கிடைக்க வேண்டியதற்காக. மோசேயின் தாய் மறைந்து நின்றது பிள்ளை வாழ வேண்டும் என்பதற்காக. பாண்டியன் இந்த இருவரில் யாருக்கு அருகில் நிற்கிறான்? பாதி வழியில் நிற்கிறான் என்றே எனக்குத் தோன்றுகிறது. மகளின் தலை வாரும்போது அவன் செவிலி. மனைவியின் மனத்தை வேவு பார்க்கும்போது அவன் யாக்கோபு. இதைச் சொன்னதும் ஆசிரியர், “அப்ப பாதிப் படத்தைப் போடுவோம்” என்று சிரித்தபடி எழுந்துவிட்டார். அன்று இரவு முன்வரிசையில் அமர்ந்து முழுப்படத்தையும் பார்த்தவர் அவர்.

அந்த மைதானத்துக் கூட்டத்தைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். எங்கள் பங்கில் பெரும்பாலான வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று இந்தப் பக்கம் முழுவதும் அப்படித்தான். மடியில் சுளவு, சுளவில் இலையும் தூளும், பக்கத்தில் தொட்டில். தொட்டில் கயிற்றின் ஒரு நுனியைக் கால் பெருவிரலில் கட்டிக்கொண்டு, கை பீடி சுற்ற, கால் பிள்ளையை ஆட்டுவதை நான் எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன். இலையைத் தறிக்கும் கத்தரியையும் தூளையும் தவழும் பிள்ளைக்கு எட்டாமல் வைப்பதே ஒரு தனி வேலை. 1966-இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், பெண்கள் பலர் கூடி வேலை செய்யும் தொழிற்கூடங்களில் குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. வேலையோ கூடத்தை விட்டு வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது. திண்ணைக்குக் காப்பகம் யார் தருவார்? 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் பகல் வேளைக்குப் பெருந்துணை. ஆனால் கணக்கு முடிக்க வேண்டிய நாளின் இரவில், விளக்கடியில் தாய் குனிந்திருக்க, தூங்காத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் உலாத்துவது ஆச்சிதான். வயல்காட்டிலும் முன்பு இதே கதைதான். பிசான நடவின்போது ஆற்றங்கரை மருத மரத்துக் கிளையில் சேலைத் தொட்டில் கட்டி, பல்லுப்போன கிழவி ஒருத்தியைக் காவல் வைத்துவிட்டுத்தான் சேற்றில் இறங்குவார்கள். எத்தனை தொட்டில் ஆனாலும் காவல் ஒருத்திதான்.

அமெரிக்கப் படத்தில் ஓரிரவு நடக்கும் கூத்து நம் ஆச்சிமாருக்கு ஆண்டு முழுவதும் நடக்கிறது. யாரும் அதைப் படம் எடுப்பதில்லை. மாமி வேடத்தில் பாண்டியன் வீட்டு வேலையில் திண்டாடும் காட்சிகளில் மைதானத்தில் அதிகம் சிரித்தவர்கள் அவர்களே. ஓர் ஆண்பிள்ளை ஒருநாளாவது இதைச் செய்து பார்க்கட்டும் என்ற சிரிப்பு அது. அதைக் கேட்டு ஆண்கள் பக்கம் சிறிது மௌனம் நிலவியது.

படம் முடிந்த மறுவாரம், மறைக்கல்வி வகுப்பு நடத்தும் அருட்சகோதரி என்னிடம் வந்தார். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் தனியே வந்து, “எங்கப்பாவும் வேஷம் போட்டு வந்தா அம்மா சேத்துக்கிடுவாங்களா?” என்று கேட்டாளாம்.

அவளுடைய பெற்றோர் பிரிந்து ஆண்டுகள் இரண்டாகின்றன. குடியில்லை, அடியில்லை, கடனும், இரு வீட்டாரின் வாயும் பிரித்தன. பெரியவர்கள் கூடிப் பேசிய ஏற்பாட்டின்படி தகப்பன் எப்போதாவது வந்து பார்க்கலாம். வந்தால் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். திருமண அருட்சாதனத்தின் கட்டு எந்தப் பஞ்சாயத்தாலும் அவிழ்வதில்லை என்பதை நான் இருவருக்கும் சொல்லியிருக்கிறேன், இருவரும் தலையசைத்திருக்கிறார்கள், இருவரும் வேறு வேறு பூசைக்கு வருகிறார்கள்.

இந்த இடத்தில்தான் தமிழ்ப்படம் அமெரிக்கப் படத்திலிருந்து விலகுகிறது. ‘அவ்வை சண்முகி’யில் உண்மை வெளிப்பட்டதும் கணவனும் மனைவியும் சேர்ந்துவிடுகிறார்கள். ‘மிசஸ் டவுட்ஃபயர்’ முடிவில் சேர்வதில்லை. தாய் மனமிரங்கி, பள்ளி விட்டபின் பிள்ளைகள் தகப்பனோடு இருக்க இடங்கொடுக்கிறாள். வீடுகள் இரண்டாகவே இருக்கின்றன. அத்தகப்பன் கிழவி வேடத்திலேயே தொலைக்காட்சியில் தோன்றி, பெற்றோர் பிரிந்துபோன ஒரு குழந்தையின் கடிதத்துக்குப் பதில் சொல்வதோடு படம் முடிகிறது. நம் திரையரங்குகளில் அந்த முடிவு ஓடாது என்று எண்ணியிருப்பார்கள். குருவாகிய நானும் சேர்கிற முடிவையே விரும்புகிறவன், அதற்காகவே மன்றாடுகிறவன். ஆயினும் அந்தச் சிறுமியின் முன்னால் அமர்ந்தபோது, தமிழ்ப்படத்தின் முடிவை அவளுக்கு வாக்களிக்க எனக்கு வாய் வரவில்லை. தான் ஏதேனும் தந்திரம் செய்தால் பெற்றோர் சேர்ந்துவிடுவார்கள் என்று நம்பும் பிள்ளை, அவர்கள் சேராதபோது குற்றத்தையும் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறது. பங்குகளில் முப்பதாண்டு காலமாகப் பார்த்துவரும் உண்மை இது.

ஆகவே அவளிடம், “அப்பா வேஷம் போட வேண்டாம் அம்மா. அப்பாவாகவே வரட்டும். சேருவதும் சேராததும் பெரியவர்கள் பாடு, உன் பாடு அல்ல” என்றேன். அவள் என்னை ஏமாற்றத்தோடுதான் பார்த்தாள். “படத்துல மாமி நல்லா இருந்தாங்க” என்றாள்.

பிறகு தாயையும் தகப்பனையும் தனித்தனியே அழைத்துப் பேசினேன். பிரிந்து வாழும் பெற்றோர் பிள்ளையைப் பிணைக்கைதி ஆக்கக்கூடாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்ச்சி’ மடலில் வலியுறுத்தியிருக்கிறார். அதன் 245-ஆம் பத்தியை இருவருக்குமே வாசித்துக் காட்டினேன். தகப்பன் அழுதார். தாய் அழவில்லை. “அவுக வந்து பாக்கட்டும் சாமி. ஆனா எங்க வீட்டு வாசல்ல வேண்டாம்” என்றார். வாசல் வேண்டாம் என்றால் எங்கே? மறைக்கல்வி முடிந்ததும் பங்கு மனைக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில், ஒரு மணி நேரம். துணைக்குத் தாயின் தாயார், அந்தச் சிறுமியின் ஆச்சி, வந்து அமர்வார்.

ஆறு மாதமாக இது நடக்கிறது. முதல் ஞாயிறுகளில் ஆச்சி மருமகனுக்கு முதுகைக் காட்டியே அமர்ந்திருந்தார். மணி பார்ப்பதற்கு மட்டும் ஆலயக் கோபுரத்தின் பக்கம் திரும்புவார். தகப்பனுக்கும் முதலில் மகளோடு என்ன பேசுவதென்று தெரியவில்லை. கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். வகுத்தல் அவருக்கே மறந்துபோயிருந்தது. இப்போது தலை பின்னக் கற்றிருக்கிறார். ஒருபக்கப் பின்னல் எப்போதும் தூக்கலாகவே நிற்கிறது. அதை அவிழ்த்து மறுபடி பின்னுவதற்குள் மணி அடித்துவிடுகிறது.

சென்ற ஞாயிறு ஆச்சி வரவில்லை, முழங்கால் வலியாம். பிள்ளையை மட்டும் அனுப்பியிருந்தார்கள். அவள் கையில் ஒரு தூக்குச்சட்டி இருந்தது. இடியாப்பமும் சொதியும். மூன்று பேருக்குக் காணும் அளவு. யார் கொடுத்துவிட்டது என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.